பிடரி இல்லாதவளின் நிலம்

தட்டாங்கரிசல் பேருந்து நிறுத்தத்தில் நட்டுவைத்திருக்கும் கறுப்புக் கல்வெட்டில் சீனித்தாயின் பெயர் இல்லை. முதலில் வந்த மூன்று சிங்கங்களின் பெயர்கள் இருக்கின்றன, பின்னால் வந்த இரண்டின் பெயர்கள் இருக்கின்றன, மேலத்தெருத் தலைவர் சங்கிலிராசுவின் பெயரும் கீழத்தெருத் தலைவர் ஆவுடையப்பனின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் ஒரே உயரத்தில் சண்டைக்கு இடமில்லாமல் இருக்கின்றன, கிராம நிர்வாக அலுவலர் குருபாதத்தின் பெயர் அவருடைய பட்டப்படிப்போடு இருக்கிறது, கல்லைக் கொடுத்தவரும் எழுத்தை வெட்டியவரும் திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டவரும்கூட இருக்கிறார்கள். ஊரின் தலையாரியாக இருந்த சீனித்தாய் இல்லை. அவள் அறிந்த பெண்சிங்கமும் இல்லை. கேட்டால் கல்லில் இடம் போதவில்லை என்கிறார்கள். கல்லின் கீழ்ப்பாதி வழவழவென்று காலியாக இருக்கிறது; வெயில் ஏறும் நேரத்தில் வெள்ளாடுகள் அதில் முதுகு தேய்த்துக்கொள்கின்றன.

சிங்கங்கள் வந்தது மாசி மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. சாத்தூரிலிருந்து வரும் எட்டு நாற்பது பேருந்துக்கு முன்னால், தார்ச்சாலையின் நடுவே, அவசரம் எதுவும் இல்லாமல் நடந்து வந்தன. மூன்றும் ஆண். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது நடையிலேயே தெரிந்தது. பேருந்து பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்து நின்றது, ஊர் முதலில் கவனித்தது அதைத்தான்.

“ஹாரன் அடிச்சுப் பாத்துட்டேன், ஒதுங்க மாட்டேங்காங்க. ஒங்க ஊரு ஆளுகளா?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“நடு ரோட்டுலதான நடக்காங்க? அப்ப நம்ம ஊருதான்” என்றான் டீக்கடை அழகுமலை, பாலை ஆற்றிக்கொண்டே.

சாலைக்குத் தெற்கே பருத்திக் காட்டுக்குள், அந்த மூன்றுக்கும் சமமாக, செடிக்கு மேலே முதுகு மட்டும் தெரிய நான்காவதாக ஒன்று நடந்து வந்ததைத் தாலுகா அலுவலகத் தபாலுக்காகக் காத்து நின்ற சீனித்தாய் மட்டும் பார்த்தாள். அதற்குப் பிடரி இல்லை. வயிறு கனத்திருந்தது. அது சாலையில் நடக்கவில்லை, ஏனென்றால் அது எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே பன்றித் தடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தது. வேலை இருப்பவர்களுக்கு நடுச்சாலையில் நடக்க நேரம் இருப்பதில்லை.

மூன்று வருடமாகத் தட்டாங்கரிசலின் மக்காச்சோளக் காட்டைக் காட்டுப்பன்றிகள் அழித்துக்கொண்டிருந்தன. மனுக் கொடுத்து, வேலி போட்டு, பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டி, வெடி போட்டு எதுவும் பலிக்காமல், மின்கம்பியிலிருந்து திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு வேலியில் மின்சாரம் பாய்ச்சிப் பழகிப்போன ஊர் அது. சிங்கங்கள் வந்த எட்டாம் நாள் பன்றித் தடம் குறைந்தது, இருபதாம் நாள் இல்லாமலே போயிற்று. ஆட்டையும் மாட்டையும் அவை தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கிடைத்த வரத்தைக் குறுக்கு விசாரணை செய்கிற ஊர் அல்ல அது. பன்றிகளைப் பிடித்தது யார் என்பதும் கேட்கப்படவில்லை. கண்மாய்க் கரையில் புளியமரத்து நிழலில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் படுத்திருந்த மூன்று பேர்தான் பிடித்தார்கள் என்று ஊர் முடிவு செய்தது, ஏனென்றால் பார்த்த பார்வைக்கு அவர்கள்தான் களைத்திருந்தார்கள்.

முப்பது நாள் தங்கிவிட்ட எவரையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்பது குருபாதத்தின் கொள்கை. அவர் வெளியூர்க்காரர், கெட்டவர் அல்ல, கட்டம் போட்ட காகிதத்தின் மீது உண்மையான பக்தி உடையவர். கால்நடைக் கணக்கெடுப்புப் படிவத்தில் பசு, எருமை, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, சிங்கத்துக்கு இல்லை. ஆகவே அவர் கிராம நிலப் பதிவேட்டின் கடைசியில் ஒரு புதுப் பக்கம் திறந்து, எண்ணிக்கொண்டு வரச் சொல்லிச் சீனித்தாயை அனுப்பினார். அவள் மூன்று நாள் போய்வந்து, நான்கு என்றாள்.

“இந்தாம்மா, ஊரெல்லாம் மூணுங்குது, நீ நாலுங்கிற?”

“பொம்பளை ஒண்ணு இருக்கு சார். வேலையெல்லாம் அதுதான் பாக்குது.”

“பிடரி இருக்கிறது எத்தனை?”

“மூணு சார்.”

“அப்ப குடும்பத் தலைவர் மூணு. சரியாப் போச்சு பாரு.” அவர் மூன்று என்று எழுதினார். பக்கத்தில் உள்ள ‘இதர’ என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார், அது ஒன்றா அல்லது ஒன்றுமில்லையா என்பதை இன்றுவரை யாரும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

பெயர் வைப்பதில் ஊருக்குச் சிரமம் இருக்கவில்லை. மூத்தவர் செவலை, காது நுனி கிழிந்திருந்த நடுவுள்ளவர் ஒச்சம், கடைசி சின்னவர். பெண்சிங்கத்தை ஊர் ‘அது’ என்றது. சீனித்தாய் மட்டும் அவளை மதினி என்று அழைத்தாள், உரக்க அல்ல, தடம் பார்த்துப் போகும்போது தனக்குள்ளாக.

விடிகாலையில் மூன்று ஆண்களும் எல்லை சுற்றின. வேலிக்கருவைத் தூரில் பின்பக்கம் திருப்பி மூத்திரம் பீய்ச்சி, பின்னங்காலால் மண்ணைக் கீறி, தலை தூக்கி ஒரு முறை கர்ஜித்து, அடுத்த தூருக்குப் போயின. அந்த நாற்றம் புளித்த மோரில் துருப்பிடித்த இரும்பு ஊறியது போல இருந்தது, நான்கு நாள் நின்றது. நாற்பது அடி தள்ளி ஒரு சட்டிச் சுண்ணாம்போடு சீனித்தாய் பின்னால் நடந்து, அவை நின்ற இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்தாள். மேலக் கண்மாய் மடையிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊர் சொல்கிற மூடிக்கிடந்த தொழிற்சாலை வரைக்கும், அங்கிருந்து தார்ச்சாலைப் பாலம் வரைக்கும். குருபாதம் புள்ளிகளை இணைத்து வரைபடம் போட்டார். அதற்குள் அடங்கிய நிலம் செவலை, ஒச்சம், சின்னவர் ஆகியோரின் கூட்டு அனுபவத்தில் உள்ளது என்று எழுதி முத்திரை வைத்தார்.

மதினி அந்தக் கோட்டை மதிக்கவில்லை. அவள் பன்றியைத் துரத்திச் சாலைக்குக் கிழக்கேயும் போனாள், ஓடை வழியாகக் கீழத்தெருக் கொல்லைப்புறம் வரை போனாள். அவள் போன இடத்துக்கெல்லாம் பத்து நாள் கழித்து ஆண்கள் போய் மூத்திரம் பெய்து தங்களுடையது என்றார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சீனித்தாய்க்கு இரண்டு மாதம் ஆயிற்று. “சார், கோடு அவ காலு போற போக்குலதான் போகுது. இவங்க பின்னால போயி நனைக்கிறாங்க, அம்புட்டுத்தான்” என்றாள். குருபாதம் பேனாவை மூடிவிட்டு, இதெல்லாம் குறிப்பில் வர வேண்டாம் என்றார்.

சித்திரையில் தீப்பெட்டி ஆபீஸின் இடிந்த சரக்குக் கிட்டங்கிக்குள் மதினி மூன்று குட்டிகள் ஈன்றாள். சீனித்தாய் சொல்லி ஊருக்குத் தெரியும். ஊர் அதைச் செவலையின் சாதனையாக எடுத்துக்கொண்டு மேலத்தெருவில் சர்க்கரைப் பொங்கல் வைத்தது.

வைகாசியில் கிழக்கேயிருந்து வேறு இருவர் வந்தார்கள். இளம் வயது, தோள் வரைக்கும் இறங்கிய கறுத்த பிடரி, கண்ணுக்குக் கீழே ஆறாத புண். இத்தனை நாளும் சிங்கம் இல்லாத தெரு என்று இளைத்துப்போயிருந்த கீழத்தெரு அன்றைக்குத்தான் மூச்சு விட்டது. பெண்கள் குலவையிட்டார்கள், ஆண்கள் பேனர் கட்டினார்கள், பெரியகருப்பு, சின்னக்கருப்பு என்று பெயர் வைத்தார்கள். கீழத்தெருவுக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த இரண்டு வீடுகள் அந்த வாரமே பூ வைத்தன. தார்ச்சாலை எல்லையாயிற்று. மேற்கே மூவர், கிழக்கே இருவர்.

அதன் பிறகு ஊர் எண்ணத் தொடங்கியது. ஆண்களை எண்ணத் தொடங்கினால் தட்டாங்கரிசலுக்கு நேரம் போவது தெரியாது. விடியலில் மேற்கே மூன்று கர்ஜனை எழும், கிழக்கே இரண்டு பதில் எழும், டீக்கடை பெஞ்சில் விரல்கள் மடங்கும். சிங்கங்களும் எண்ணின. மூன்று கேட்டால் இருவர் சாலையைத் தாண்டுவதில்லை, அவ்வளவுதான் அவர்கள் சட்டம். அதே சட்டத்தை ஊரும் எடுத்துக்கொண்டது. ஆடிப் பொங்கலில் எந்தத் தெரு முளைப்பாரி முதலில் அம்மன் கோயிலைச் சுற்றுவது என்று நாற்பது வருடமாக மண்டை உடைந்துகொண்டிருந்த வழக்கு, மூன்றுக்கு இரண்டு என்று ஒரே நாளில் தீர்ந்தது. மேலத்தெரு முன்னால் போயிற்று. அந்தப் பெருமையில் சங்கிலிராசு, மைக்செட் ஞானமுத்துவைக் கூப்பிட்டு, மூன்று கர்ஜனைகளையும் பதிவு செய்யச் சொல்லி, திருவிழா மூன்று நாளும் வேப்பமரத்துக் குழாயில் கீழத்தெருவை நோக்கிப் போடச் சொன்னார். மூன்றாவது கர்ஜனைக்கு முன்னால் ஞானமுத்துவின் இருமல் ஒன்றும் பதிவாகியிருந்தது. வெட்டி எடுக்கத் தனக்குத் தெரியாது என்றார் அவர்.

இங்கே சீனித்தாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் கணவன் தவசி பக்கத்து ஊரிலிருந்து வந்துபோய் இந்த ஊருக்குத் தலையாரியாக இருந்து, டிராக்டர் கவிழ்ந்து செத்தான். அவனுக்கு அண்ணன் தம்பி மூன்று பேர். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் மூவரும் வந்து, அவள் அந்த வீட்டிலேயே இருக்கலாம், கடைசித் தம்பிக்கு வாக்கப்படலாம், ஆனால் தவசியின் பிள்ளையை மதுரையில் ஒரு விடுதியில் விட்டுவிட வேண்டும் என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, நல்ல யோசனை சொல்வது போலச் சொன்னார்கள். அப்போது மகள் அல்லிக்கு இரண்டு வயது. சீனித்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு நடந்து போய், கணவனின் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தட்டாங்கரிசலில் ஓர் ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தாள். அது ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை. இதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

புரட்டாசியில் செவலையும் ஒச்சமும் ஒரே காலையில் செத்துக்கிடந்தன. மேலத்தெருக்காரர் ஒருவரின் மக்காச்சோளக் காட்டு வேலி. பன்றி இல்லாமல் போய் ஆறு மாதமாகியும் பொழுது சாய்ந்தால் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவது என்று அவருக்குக் கை பழகியிருந்தது. பன்றியை ஒழித்தவர்களைப் பன்றி வேலி கொன்றது. ஊர் அழுதது. கண்ணீர் அஞ்சலி பேனர் ஆறு இடத்தில் கட்டப்பட்டது, அதில் வேலிக்காரரின் படம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் விடியலில் மேற்கே ஒரு கர்ஜனை எழுந்தது. டீக்கடையில் ஒரு விரல் மடங்கி நின்றது. கிழக்கே இரண்டு எழுந்தன, சாலைக்கு மிகவும் பக்கத்தில்.

புதியவர்கள் ஒரு நிலத்தைப் பிடித்தால் பழையவர்களின் பிள்ளைகளைக் கடித்துக் கொன்றுபோடுவார்கள், அப்போதுதான் தாய் மறுபடி சினைக்கு வருவாள் என்பதை ஊரில் தொலைக்காட்சி பார்த்த எல்லோரும் அறிந்திருந்தார்கள். நான்கு நாள் மேலத்தெரு இளவட்டங்கள் சாலையோரம் நின்று வெடி போட்டு இருவரையும் மறித்தார்கள். ஐந்தாம் நாள் அம்மன் கோயில் முன்னால் இரண்டு தெருவும் கூடிற்று.

“ஆறின சோத்துக்கு எதுக்கு அடிபிடி?” என்றார் சங்கிலிராசு. “எங்க பக்கம் ஒத்த ஆளு. ஒங்க பக்கம் ரெண்டு. வரட்டும்யா. ரெண்டு தெருவுக்கும் ஒரே சிங்கம்னு ஆயிட்டா முளைப்பாரியையும் சேத்தே தூக்கிரலாம்.”

“அண்ணாச்சி சொல்றது நல்ல பேச்சு” என்றார் ஆவுடையப்பன். “ஆனா குட்டி இருக்க வரைக்கும் அது சேராதே. நெதமும் சண்டைதான நடக்கும்?”

“அதுக்குத்தான் வெடியை நிப்பாட்டுவோம்ங்கேன். வெள்ளிக்கிழமை காலையில யாரும் தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் போக வேண்டாம். மத்தது இயற்கை.”

இரண்டு தெருவும் ஒத்துக்கொண்டன. நாற்பது வருடத்தில் அவர்கள் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. ஒத்துக்கொள்ள மூன்று குட்டிகள் தேவைப்பட்டன. எல்லோருக்கும் கண் கலங்கியது. சங்கிலிராசு ஆவுடையப்பனுக்குத் துண்டு போர்த்தினார்.

சீனித்தாய் கூட்டத்தின் ஓரத்தில், தண்டோரா போடுகிறவள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தாள்.

“அய்யா, அந்தப் பிள்ளைக?”

“எந்தப் பிள்ளைக?” சங்கிலிராசு உண்மையாகவே விளங்காமல் குருபாதத்தைப் பார்த்தார். குருபாதம் மடியில் இருந்த பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். தாய் எழுதப்படாததால் பிள்ளைகளை எழுதக் கட்டம் இருக்கவில்லை. “பதிவுல இல்லைங்க” என்றார்.

“பெறகென்ன? ஏ சீனித்தாயி, வெள்ளிக்கிழமை வெடி கெடையாது, அந்தப் பக்கம் ஆளு போகக்கூடாதுன்னு நாளைக்கு மைக்குல சொல்லிரு.”

அவள் சரி என்றாள். அன்று மாலையே ஞானமுத்துவின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து ஒயரை உரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஆடிக்குப் போட்டீகள்ல, அந்தக் கத்து இருக்கா?”

“பென்டிரைவுல கெடக்கு. எதுக்குத் தாயி?”

“அறிவிப்புக்குப் பெறகு போடணும். தெனமும் விடியக்காலம் ஒருக்கா, பொழுதடைய ஒருக்கா. தீப்பெட்டி ஆபீஸ் பக்கத்துல ஒங்க மைக்செட் ஆட்டோவை நிப்பாட்டி.”

ஞானமுத்து ஒயரைக் கீழே வைத்தார். “எத்தனை நாளைக்கு?”

“பிள்ளைக வளர்ற வரைக்கும்.”

“ஏம்மா, அது ரெண்டு வருசம் ஆகும்னு சொல்றாங்களே.”

“எம்பிள்ளைக்கு ஏழு ஆச்சு, இன்னும் சோறு ஊட்டுதேன். ரெண்டு வருசம் என்னண்ணே?”

அவர் நெடுநேரம் இருமினார். பிறகு, “அந்த இருமலை வெட்ட முடியலையேன்னுதான் எனக்கு வெக்கமா இருக்கு” என்றார். அவர் ஒப்புக்கொண்ட விதம் அது.

வெள்ளிக்கிழமை விடியலில் சீனித்தாய் தனக்குச் சொல்லப்பட்ட அறிவிப்பை ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் படித்தாள். படித்து முடித்ததும் ஞானமுத்து பொத்தானை அழுத்தினார். மேற்கே ஒரு கர்ஜனை, இரண்டாவது கர்ஜனை, ஓர் இருமல், மூன்றாவது கர்ஜனை. சாலையில் முன்னங்கால் வைத்திருந்த பெரியகருப்பும் சின்னக்கருப்பும் நின்றன. எண்ணின. காலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போயின.

ஊரும் எண்ணியது. மூன்று. இரண்டு பேரைத் தங்கள் கையால் குழி வெட்டிப் புதைத்து நெல் தூவிப் பால் ஊற்றிய ஊர், ஞானமுத்துவின் ஆட்டோ எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருந்த ஊர், ஆடித் திருவிழா முழுக்க இதே சத்தத்தை இதே குழாயில் கேட்டிருந்த ஊர், அன்று காலை டீக்கடையில் கூடி, செத்தவர்கள் கத்துகிறார்கள் என்று முடிவு செய்தது. மேலத்தெரு அந்த வாரமே புதைத்த இடத்தில் பீடம் கட்டியது. இருமல் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தபோது, அது ஒச்சத்தின் இருமல், மண்ணுக்குள் ஈரம், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று விளக்கம் கிடைத்தது. செவ்வாய், வெள்ளிகளில் பீடத்தில் சுக்குக் கஷாயம் வைத்தார்கள்.

தனியாளான சின்னவருக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. செத்த அண்ணன்களின் குரலை நாலைந்து நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் தார்ச்சாலையின் நடுவே நடந்து ஊரை விட்டுப் போய்விட்டார். இந்த முறை பேருந்துக்குப் பின்னால் போனார். தாமதம் ஆகவில்லை.

குருபாதத்துக்குச் சங்கடம் இருந்தது. “இந்தாம்மா, செத்தவங்க எப்படிம்மா கத்துவாங்க?”

“செத்தவங்க பேர்ல பட்டா இருக்கலாம்னா கத்தக் கூடாதா சார்?”

அவர் யோசித்தார். தட்டாங்கரிசலில் மட்டும் நாற்பத்தொரு பட்டாக்கள் செத்தவர்கள் பெயரில் இருந்தன, அதில் ஒருவர் குருபாதத்தின் தாத்தா பிறப்பதற்கு முன்பே செத்தவர். மூன்று பெயர்களையும் அடிக்காமல், ‘நடைமுறையில் உள்ளது’ என்று எழுதிவைத்தார்.

இப்படி ஒரு வருடமும் ஒரு மாதமும் போயிற்று. அத்தனை காலமும் மேற்கே வளர்ந்த ஆண்சிங்கம் ஒன்றுகூட இல்லை. மதினி வேட்டையாடினாள், தண்ணீர் காட்டினாள், பன்றி வராமல் பார்த்துக்கொண்டாள். குட்டிகளில் இரண்டு பெண். ஒன்று ஆண், அதற்குக் கழுத்தில் மீசை அரும்பியது போல நாலு மயிர் வந்திருந்தது. சீனித்தாய் காய்ச்சலில் கிடந்த நாளில் அல்லியே ஆட்டோவில் ஏறிப் பொத்தானை அழுத்திவிட்டு அங்கிருந்து பள்ளிக்கூடம் போனாள். கீழத்தெருவின் இருவருக்கும் வயது ஏறியது, பிடரி இன்னும் கறுத்தது. தினமும் சாலையோரம் வந்து எண்ணிவிட்டுப் போனார்கள்.

மறு ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஆம்பிளிஃபயருக்குள் தண்ணீர் இறங்கிப் புகை வந்தது. சாத்தூரில் பழுது பார்க்கிறவர் தீபாவளி முடிந்து வாருங்கள் என்றார். அன்று மாலை மேற்கே சத்தம் எழவில்லை. மறுநாள் காலையிலும் எழவில்லை. பீடத்தில் கஷாயத்தை இரண்டு மடங்காக்கினார்கள். அதற்கும் மறுநாள், மழை விட்டு வெளுத்த நேரத்தில், டீக்கடை பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் பார்க்க, பெரியகருப்பும் சின்னக்கருப்பும் சாலையைத் தாண்டி, சுண்ணாம்பு கரைந்துபோன கோட்டையும் தாண்டி, தீப்பெட்டி ஆபீஸை நோக்கி நடந்தன. யாரும் வெடியைத் தொடவில்லை. கூட்டத் தீர்மானம் இன்னும் நடப்பில் இருந்தது.

ஆபீஸின் இடிந்த மதிலுக்குப் பக்கத்தில் ஆட்டோ நின்றது. உள்ளே சீனித்தாய் செத்துப்போன பெட்டியின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“எறங்காத தாயி. விட்டுரு. நம்மளால ஆனதைப் பாத்தாச்சு” என்றார் ஞானமுத்து. அவள் இறங்கினாள்.

மதினி மதில் இடுக்கில் நின்றிருந்தாள். விலா எலும்பு தெரிந்தது. பின்னால் மூன்று பிள்ளைகளும் நின்றன. இருவரும் நூறு அடியில் வந்துவிட்டார்கள். மதினி தலையைத் தாழ்த்தி, வயிற்றை உள்ளிழுத்து, கர்ஜித்தாள். குழாயில் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டோவின் தகரம் அதிர்ந்ததாக ஞானமுத்து பின்னால் சொன்னார். ஒன்று. மூத்த மகள் கர்ஜித்தாள், நடுவில் குரல் உடைந்தது, ஆனாலும் முடித்தாள். இரண்டு. இளையவள் மூன்று. நாலு மயிர்க்காரன் நான்கு. அப்போது சீனித்தாயும் வாயைத் திறந்தாள். வந்தது கர்ஜனை என்று சொல்ல முடியாது. பதினாறாம் நாள் பந்தலுக்குக் கீழே மூன்று பேருக்கு முன்னால் சொல்லாமல் விட்டது முழுவதும் சொல்லே இல்லாமல் வந்தது, மூச்சு தீரும் வரைக்கும் வந்தது.

பெரியகருப்பும் சின்னக்கருப்பும் நின்றன. எண்ணின. ஐந்து.

பெண் கத்தினால் கணக்கில் சேராது என்று சிங்கங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இருவரும் திரும்பி, வந்த வழியே சாலையைத் தாண்டி, கீழத்தெரு வழியாக யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து, கிழக்கே ஓடைக்கு அப்பால் போனார்கள். மறுபடி வரவில்லை.

அன்று காலை பத்து மணிக்குக் கிராம அலுவலகம் திறந்ததும், குருபாதம் டீக்கடையில் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தபோது, சீனித்தாய் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மூன்று ஆண்களின் பெயருக்குக் கீழே தன் கையால் எழுதினாள்: ‘அனுபவத்தில் இருப்பவர்: பெண்சிங்கம். வாரிசு: மகள்கள் இருவர். மகன் வளர்ந்ததும் வெளியே போவான்.’ எழுதிவிட்டுத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.

நடந்ததை ஊர் தன் வழியில் செரித்துக்கொண்டது. இரண்டு தெருத் தலைவர்களும் பேச்சுவார்த்தை நடத்தியதன் பேரில் கீழ்ப்புறத்துச் சிங்கங்கள் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தன என்று கல்வெட்டு சொல்கிறது. முளைப்பாரி இப்போது இரண்டு தெருவும் சேர்ந்தே எடுக்கிறது, யார் முன்னால் போவது என்பதில் மண்டை உடைவது தொடர்கிறது. மதினி அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தாள். சொன்னபடியே மகன் வெளியே போனான். நிலம் மகள்களிடம் இருக்கிறது. அவர்கள் காலத்தில் எங்கிருந்தோ இரண்டு ஆண்கள் வந்து கண்மாய்க் கரையில் படுத்திருக்கிறார்கள், ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டது.

அரசுப் பதிவேட்டில் அதிகாரமின்றி எழுதியதற்காகச் சீனித்தாய் ஏழு மாதம் பணியிடை நீக்கம் செய்யப்பட்டாள். அவள் எழுதியதைச் சிவப்பு மையில் அடித்தார்கள். அடித்த கோட்டுக்குக் கீழே இன்றும் படிக்க முடிகிறது. பிறகு அவளைத் தாலுகாவின் மறுகோடியில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றினார்கள். அங்கே சிங்கம் இல்லை, பன்றி உண்டு. பத்து வருடம் அங்கே தலையாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். மறுமணம் செய்துகொள்ளவில்லை. அல்லி நில அளவைத் துறையில் சேர்ந்து இப்போது விழுப்புரத்தில் இருக்கிறாள், தாயும் அவளோடுதான் இருக்கிறாள். அந்தக் காலையில் போன குரல் சீனித்தாய்க்குத் திரும்பி வரவில்லை. தாழ்ந்த, கரகரத்த குரலில்தான் பேசுகிறாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைச் சளி என்று நினைக்கிறார்கள்.